இறப்பர் நிழலில் பார்த்த மஞ்சள்

2023 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை இல்லை, மேகம் இல்லை, காற்றும் இல்லை. புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் மூன்றும் இல்லாத காலை அபூர்வம் என்பதால் நேரம் நினைவில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஹோட்டலில் இருந்து வந்த பெண், நம் தையல் கூடத்தின் வாசலில் விரித்திருந்த போர்வைகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். திரும்பவும் ஒரு தடவை நடந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"மே ரத்து தெகக் நே, அங்கிள்?"

இது இரண்டு சிவப்பு அல்லவா என்று கேட்கிறார். ஓடர் கொடுத்தபோது அவர் கேட்டது ஒரே சிவப்பு. இருபத்து நான்கு போர்வை, ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு சிவப்புத் துண்டு. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தவன் நான்.

வெட்டுத்துணி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். மெஷின் ஓட்டுவதையும் கத்தரி பிடிப்பதையும் கூடத்தில் இருப்பவர்கள் காட்டித் தருவார்கள். நிறம் பார்ப்பதைப் பற்றி என்னை எழுதச் சொன்னார் முதலாளி. போன வாரம் வந்து பார்த்தேன். மேசையை மறுபடியும் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். யார் சொல்லி அப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். டீ கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். அதனால் இங்கே சொல்கிறேன். அந்த மேசையை இன்றைக்கே நகர்த்துங்கள். ஏன் என்று கடைசியில் புரியும்.

கூடம் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் இறப்பர் ஷீட் அடுக்கிய ஸ்டோர். மூன்று பக்கமும் இறப்பர் மரம். அதன் நிழலில் இருந்துதான் நமக்கு வெளிச்சம் வருகிறது. கொழும்பு ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தோட்டத்து லய வீடுகளில் இருந்து வரும் பெண்கள் அதைத் துண்டுகளாக்கி, ஒன்றோடு ஒன்று இணைத்து, அடித்துணி வைத்துப் போர்வையாகத் தைப்பார்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று சொல்வது என் வேலை. அதற்கு முன் நான் தோட்டத்து ஒபிஸில் கிளாக்கராக இருந்தேன். ஆகவே கூடத்திலும் எனக்குக் கிளாக்கர் ஐயா என்றுதான் பெயர். துணி என்றால் என்ன என்று தெரியாமல் வந்தேன். எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

நான் முதலில் வரைந்த போர்வைக் கோலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த பட்டிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, இறப்பர் மரத்தில் பால் எடுக்க வெட்டிய பட்டை மாதிரி. எனக்கு அதில் பெருமை. தாளில் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டினேன். மாரியாயி அக்கா இருபத்தைந்து வருஷம் பால் வெட்டிவிட்டுத் தையலுக்கு வந்தவர். சுவரைப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஐயா, இது எந்தத் தோட்டத்து மரம்?"

"ஏன், என்னா கொற?"

"கொற ஒண்ணுமில்லீங்க. வெட்டு வலப்பக்கம் ஒசந்து இடப்பக்கம் எறங்குது. இப்படி வெட்டுனா கங்காணி அன்னைக்கே பேர வெட்டிருவாரு."

கூடமே சிரித்தது. அதில் பெரிதாகச் சிரித்தவள் என் தங்கை ராணி. அவளும் அங்கேதான் மூன்றாவது மெஷினில் தைத்தாள். எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு வந்த இடங்களும் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போயின. காலையில் ஒன்றாகக் கூடத்துக்கு நடப்போம், மாலையில் ஒன்றாகத் திரும்புவோம். போகும்போது நான் சொன்ன நிறத்தை வரும்போது அவள் கேலி செய்வாள். கோலத்தைத் திருப்பி வரைந்தேன். அதற்கு வெட்டுப்பட்டை என்று பெயர் வைத்தோம். இப்போதும் அதிகம் விற்பது அதுதான் என்று கேள்விப்பட்டேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே தெரிந்தது. பாதித் துண்டுகள் செங்கல் சிவப்பு. மற்றப் பாதியில் ரோஸ் நிறம் ஓடியிருந்தது. ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் இதே துண்டுகளை இதே கையால் ஒன்றாக அடுக்கியவன் நான். அப்போது அவை ஒரே சிவப்பாகத்தான் இருந்தன. நான் பொய் சொல்லவில்லை, கண்ணும் பொய் சொல்லவில்லை. மரத்தில் இலை இருந்தது. ஜனவரியில் இறப்பர் மரம் மொட்டையாக நிற்கும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் இலை உதிர்ந்தால் துணியின் நிறம் மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. பச்சை நிழலில் இரண்டு சிவப்பும் ஒரே கறுத்த சிவப்பாகத் தெரிந்திருக்கிறது.

ஹோட்டல் திறப்பதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பன்னிரண்டு நாளில் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

முதலாளியின் உறவினர் ஒருவர் அன்று வந்திருந்தார். நிவித்திகலப் பக்கத்தில் மாணிக்கக் கல் தரகு செய்பவர். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் மடித்த காகிதத்தில் கற்கள். அவர் ஒரு போர்வையின் முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எங்க வெச்சுப் பாத்தீங்க இத?"

நான் மேற்கு ஜன்னலைக் காட்டினேன்.

"மரத்துக்குக் கீழயா? அல்லாவே! நாங்க ஒரு கல்ல ஒரு எடத்துல பாத்து வெல சொல்றதில்ல. வெயில்ல பாப்போம், நெழல்ல பாப்போம், ராவைக்கு லைட்டுல பாப்போம். மூணு எடத்துலயும் ஒரே மாதிரி நிக்கிற கல்லுக்குத்தான் சல்லி குடுப்போம். வெளிச்சத்த நம்பினவன் எல்லாம் ரத்தினபுரியில வீடு வித்துட்டுப் போயிருக்கான்."

அவர் பேர் எனக்குத் தெரியாது, பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த மூன்று வெளிச்சத்தை அன்றைக்கே என் சட்டமாக்கிக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் வெயில், மர நிழல், மாலை ஆறு மணிக்கு டியூப் லைட். மூன்றிலும் ஒத்துப் போனால்தான் இரண்டு துண்டும் ஒரே நிறம்.

அன்று பின்னேரம் தையல் பிரிக்க உட்கார்ந்தோம். அப்போது ராணி சொன்னாள்.

"அண்ணே, ரெண்டு செவப்பையும் ஒளிக்கப் பாக்காதீங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வச்சு மாத்தி மாத்தித் தைப்போம். வேணும்னே வச்ச மாதிரி இருக்கும். பாதித் தையல் பிரிச்சாப் போதும்."

"அந்தப் பொம்பள கேட்டது ஒரு செவப்பு."

"கேக்கிறவங்களுக்கு எது அழகுன்னு தெரியுமா? காட்டினாத்தானே தெரியும்."

"நீ தையலப் பிரி."

அவள் பிரித்தாள். ரோஸ் ஓடிய துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெயிலில் வைத்துப் பொறுக்கிய செங்கல் சிவப்பை வைத்தோம். பதினோராவது நாள் மாலை முடிந்தது. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இதில் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஓடர் என்றால் ஓடர். வாங்குகிறவர் ஒரு நிறம் கேட்டால் ஒரு நிறம்தான் கொடுக்க வேண்டும். அந்த அளவில் நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன்.

ஏப்ரலில் ராணிக்கு ஓர் இடம் வந்தது. வவுனியாவில் சிறிய கடை வைத்திருப்பவர், பெயர் தர்மலிங்கம். முதல் மனைவி இறந்து ஐந்து வருஷம், பிள்ளைகள் இல்லை. எழுபத்தேழு இனக் கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து அங்கே போய்க் குடியேறிய நம் ஆட்கள்தான் அவர்கள். தாய் இருக்கிறார். நாற்பத்தொன்பது வயதில் உனக்குக் கல்யாணமா என்று நான் ராணியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சிரித்திருப்பாள், பேச்சு முடிந்திருக்கும். கேட்காமல் இருந்ததைத்தான் அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

ஜூனில் கோயிலில் தாலி கட்டினார்கள். சீர் என்ன என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் முன்னால் நானே சபையில் எழுந்து சொன்னேன். "நகை நட்டுக்கு என்கிட்ட வழியில்ல. என் தங்கச்சிக்கு என் சீர் ஒரு போர்வை. அவளே தைக்க ஆரம்பிச்சது, நான் முடிச்சுக் குடுப்பேன்." எல்லாரும் கை தட்டினார்கள். சபையில் வாய் திறக்காதவன் ஒரு தடவை திறந்தால் இப்படித்தான் ஆகும்.

அந்தப் போர்வை உண்மையில் முடியும் தறுவாயில் இருந்தது. வெட்டுப்பட்டைக் கோலம். மஞ்சள், கரும்பச்சை, பழுப்பு. நான்கு வருஷமாக ஓய்வு நேரத்தில் தனக்கென்று தைத்து வந்தாள். கல்யாணம் அவசரமாக வந்ததால் நின்றுவிட்டது. கீழ் ஓரத்துப் பட்டியில் ஒன்பது மஞ்சள் துண்டு இல்லை. அவ்வளவுதான் குறை. புறப்படும்போது ஒரு சின்ன மஞ்சள் துண்டை என் கையில் கொடுத்தாள்.

"இதோட சேருற மாதிரி பாத்து வைங்க. முடிஞ்சதும் ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த பஸ்ல வந்து எடுத்துக்கிறேன்."

நான் வேனின் பின் சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். வேன் கிளம்பும்போது நான் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த மஞ்சள் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். தேடத் தொடங்கினேன். முதலில் கேகாலையில் ஒரு கட்பீஸ் கடை. நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு சிறிய கட்டு மஞ்சள் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வெளிச்சத்திலும் பார்த்தேன். நிழலில் ஒத்தது, டியூப் லைட்டில் ஒத்தது, வெயிலில் விட்டுப்போனது. தள்ளி வைத்தேன். பிறகு கொழும்பு புறக்கோட்டைக்குப் போனேன். ஒரு தடவை அல்ல. அங்கே மூட்டையாகத்தான் தருவேன் என்றார்கள், மூட்டையாகவே வாங்கினேன். அவிசாவளையில் ஒருவர் சாயம் போட்டுத் தருவதாகச் சொன்னார். வெள்ளைத் துணி கொடுத்து, சாயக் கூலி கொடுத்து, போய் வாங்கிவந்தால் அது மாம்பழ மஞ்சளாக இருந்தது. என் துண்டு வேறு மஞ்சள். அதற்கு என்ன பெயர் என்று இன்றும் தெரியாது. அம்மா பால் வெட்டப் போகும்போது கட்டும் பழைய சேலையின் முந்தானை அந்த நிறத்தில் இருந்ததாக எனக்கு ஒரு நினைப்பு. அது சரியா என்று ராணியிடம் கேட்க முடியாது. அவள் அப்போது கைக்குழந்தை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். வீடியோவில்.

"அண்ணே, சாப்டிங்களா?"

"சாப்டேன். இந்த மஞ்சளப் பாரு."

"எங்க? கொஞ்சம் தள்ளிப் புடிங்க. உங்க பெருவெரல்தான் தெரியுது."

"இப்ப?"

"இப்ப பச்சையா தெரியுது."

"பச்சையா? மஞ்ச புள்ள இது!"

"இங்க பச்சையாத்தாண்ணே தெரியுது. எலுமிச்சங்கா மாதிரி இருக்குன்னு இவரு சொல்றாரு."

"அவருக்கு என்னா தெரியும், அரிசி பருப்பு நிறுக்கிறவருக்கு?"

"பக்கத்துலதான் நிக்கிறாரு."

அவர் சிரிப்பது கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை நான் எண்ணிச் சொல்ல முடியாது. அவளுடைய தட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடக்கும். நான் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, பிறகு அரிசியை அள்ளித் திரும்பப் போடுவேன். கூடத்திலும் மூன்றாவது மெஷினைக் கடந்துதான் என் மேசைக்குப் போக வேண்டும். அதில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நன்றாகத் தைப்பாள், என்னோடு சண்டை போட மாட்டாள். அந்த மாதங்களில் நான் பொறுக்கிய நிறங்களில் ஒரு குறையும் இல்லை, ஒரு உயிரும் இல்லை. அப்போது கட்டியனுப்பிய போர்வை ஒன்றை இப்போது யாராவது விரித்துக் காட்டினால் நான் செய்ததுதான் என்று எனக்கே அடையாளம் தெரியாது.

ஒக்டோபர் கடைசியில் அவளே கேட்டாள். "தீவாளிக்கு என்னா செய்றீங்க அண்ணே?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான முதல் தீபாவளி தலைத்தீபாவளி. பெண் வீட்டார்தான் மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்க வேண்டும். அவளுக்குப் பெண் வீடு என்றால் நான்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. வேட்டியும் சேலையும் வாங்கக் காசு ஒதுக்கிக்கூட வைத்திருந்தேன். ஆனால் சபையில் சொன்ன சீர் கட்டிலுக்கடியில் ஓட்டையோடு கிடக்கிறது. மாப்பிள்ளையைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு எதைக் காட்டுவது? சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் வீட்டுப் பெண் என்று அவளுக்கு ஒரு பேர் வர வேண்டுமா? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"இன்னும் ஒரு மஞ்சளும் ஒத்து வரல ராணி. போர்வை முடியட்டும். முடிஞ்சதும் கூப்புடுறேன்."

 சிக்னல் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ என்றேன்.

"சரிண்ணே," என்றாள்.

தீபாவளி நவம்பரில் மழையோடு வந்து போனது. பக்கத்து லயத்தில் பிள்ளைகள் நனைந்த வெடியை ஊதி ஊதிப் பற்றவைத்தார்கள். பொங்கலும் போனது. அதற்கு முன், டிசம்பர் கடைசியில் நான் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். பொன்னாடைக்குப் பதிலாக எனக்கு ஒரு வெட்டுப்பட்டைப் போர்வை போர்த்தினார்கள். நிறம் மூன்று வெளிச்சத்திலும் சரியாக இருந்தது.

அந்த வருஷம் மழை நீண்டதால் இறப்பர் இலை பிந்தித்தான் கொட்டியது. பெப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை, மாரியாயி அக்கா வீட்டுக்குப் பலாக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னா ஐயா, பூஞ்சண வாட அடிக்குது?"

கட்டிலுக்கடியில் தலையணை உறைக்குள் சுருட்டி வைத்திருந்த போர்வைதான். எட்டு மாதத்தில் அதை நான் முழுதாக விரித்ததே இல்லை. மழைக் காலத்தில் விரித்தால் ஈரம் ஏறும் என்று பயம். ஓட்டை இருக்கும் ஓரத்தை மட்டும் வெளியே இழுத்து, துண்டை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டி வைப்பேன். வெயிலுக்கு எடுத்துப் போனதெல்லாம் பர்ஸில் இருந்த அந்தச் சின்னத் துண்டைத்தான்.

"வெயில்ல போடுங்க ஐயா. நல்ல துணிய நாசம் பண்றீங்களே."

இரண்டு பேரும் சேர்ந்து வெளியே கொடியில் விரித்தோம். வீட்டைச் சுற்றி இறப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. தலைக்கு மேலே ஒரு இலைகூட இல்லை. வெயில் நேராகப் போர்வையில் விழுந்தது.

முதலில் துணி வெளுத்துவிட்டது என்று நினைத்தேன். கிட்டே போனேன். ஒரே மஞ்சள் என்று நான் நினைத்திருந்தது ஐந்து மஞ்சள். மேல் பட்டிகளில் பால் கலந்த மாதிரி வெளிர் மஞ்சள், நடுவில் வாழைப்பழ மஞ்சளும் வைக்கோல் மஞ்சளும், கீழே வரவரச் சந்தன மஞ்சளும் கடுகு மஞ்சளும். ஒவ்வொரு பட்டியிலும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மாத்தி மாத்தி. வேண்டுமென்றே வைத்த மாதிரி.

"அக்கா, இதப் பாருங்க. அஞ்சு மஞ்ச!"

மாரியாயி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஐயாவுக்கு இப்பத்தான் தெரியுதா? மேசைக்கடியில வுழுந்தத எல்லாம் பொறுக்கித்தானே தச்சா ராணி. வெயில்ல வச்சு வச்சுப் பாத்து அடுக்குவா. நீங்கதான் வேண்டாம்னு வீசுன துண்டு அம்புட்டும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. இருந்தும் போன் எடுத்தேன்.

"என்னண்ணே, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒன் போர்வையில அஞ்சு மஞ்ச இருக்கு."

"ஆமா."

"ஆமாவா? நான் எட்டு மாசமா ஒரு மஞ்சளத் தேடிக்கிட்டுத் திரியிறேன். ஏன் சொல்லல நீ?"

"ஒரே மஞ்ச நம்ம கூடத்துல என்னைக்கிண்ணே கெடச்சிருக்கு? சேருற மாதிரி வைங்கன்னுதானே சொன்னேன்."

"வாரா வாரம் காட்டினேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?"

 இந்தத் தடவை நான் ஹலோ சொல்லாமல் போனைக் காதோடு வைத்துக் காத்திருந்தேன்.

"மஞ்சளுக்காகன்னு நான் நெனைக்கலண்ணே. நான் போனது ஒங்களுக்குப் புடிக்கல, அதுக்கு இது ஒரு சாக்குன்னு நெனச்சேன். கெளம்புற அன்னைக்கும் ஒரு வார்த்த பேசல நீங்க. தலத்தீவாளிக்கும் கூப்புடல. அத்த கேட்டாங்க, ஒங்கண்ணனுக்கு நீ வேணாமாடின்னு. எனக்குப் போர்வை தைக்கிறாருன்னு சொன்னேன். அதுக்கு அவங்க சிரிச்சாங்க."

போனை வைத்துவிட்டுக் கொடியில் இருந்த போர்வையை எடுத்து மடித்தேன். 

மறுநாள் முதல் பஸ்ஸில் கேகாலைக்குப் போனேன். அங்கிருந்து குருநாகல், பிறகு தம்புள்ள, பிறகு வவுனியா. மடியில் தலையணை உறைக்குள் போர்வை. காலடியில் ஒரு பையில் எட்டு மாதம் வாங்கிச் சேர்த்த மஞ்சள் துண்டுகள் எல்லாம். தம்புள்ளையைத் தாண்டியதும் வெளிச்சம் மாறிவிட்டது. நம் ஊரில் வெளிச்சம் எதையாவது தொட்டுவிட்டுத்தான் நம்மிடம் வரும். அங்கே நேரே வந்து நிற்கிறது.

பகல் மூன்று மணிக்கு அவர்கள் வாசலில் நின்றேன். ராணி கடையில் இருந்து வெளியே வந்தாள். கறுத்திருந்தாள், கொஞ்சம் பெருத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடியல. நீதான் முடிக்கணும்."

அவள் முற்றத்தில் பாயைப் போட்டுப் பையைக் கவிழ்த்தாள். மஞ்சள் குவிந்தது. மாமியார் வந்து நின்று பார்த்தார். மாப்பிள்ளை டீ கொண்டுவந்தார். அந்த டீ ஆறுவதற்குள் ராணி ஒன்பது துண்டு எடுத்துவிட்டாள். ஒன்பதும் நான் முதன்முதலில் கேகாலையில் வாங்கித் தள்ளி வைத்த துணிக்கட்டில் இருந்தவை. அன்று மாலையே மெஷினில் உட்கார்ந்து தைத்து முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டைக் காட்டி, இது கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்றேன். ஒங்க கண்ணுதான் தூக்கலா இருக்கு என்றாள். பழைய சண்டை. கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் மாமியார் போர்வையைத் தடவிப் பார்த்தார். "அண்ணன் தைக்கிறாருன்னு இவ சொன்னது மெய்தான்," என்றார். இவ்வளவு தூரம் வந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று அப்போது தோன்றியது.

தர்மலிங்கம் விசிறிக்கொண்டே கேட்டார். "எல்லாஞ் சரி மச்சான். இந்த வெக்கைக்குப் போர்வையா?"

"இங்க போத்திக்கவா கேட்டேன்?" என்றாள் ராணி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அங்க மழையில நாம போய் இருக்கிறப்போ போத்திக்க."

அதனால் போர்வை என்னோடு திரும்பி வந்தது. அவளுடைய கட்டிலில் விரித்து வைத்திருக்கிறேன். அடுத்த தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள். இனியும் வருவார்கள். ஆனால் தலைத்தீபாவளி ஒன்றுதான். அதை எந்த மழையிலும் கொண்டுவர முடியாது.

பிள்ளைகளே, ஓடருக்கு மூன்று வெளிச்சம் பாருங்கள், அதில் சோம்பல் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய ஒருவருக்குச் செய்தால் கையில் இருக்கும் துண்டை மட்டும் வெயிலுக்கு எடுத்துப் போகாதீர்கள். முழுப் போர்வையையும் விரித்துப் பாருங்கள். கேட்டவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு விரியுங்கள். மேற்கு ஜன்னல் மேசையையும் நகர்த்திவிடுங்கள்.

அந்தத் தலைத்தீபாவளிக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்து திரும்பிப் போக பஸ்ஸுக்கு நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபா ஆகியிருக்கும். மஞ்சள் தேடியதில் எனக்குப் போனது முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.